பிறந்த பிள்ளைக்குப் பழைய துணி

வாரப் பத்திரிகையில் எழுதுகிற தகுதி எனக்கு இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் வாய் திறந்து பேசவே கூச்சப்படுகிறவள். போன வாரம் சட்டைப் பொத்தான்களைப் பற்றி எழுதியதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், "பொத்தானுக்கு ஒரு பக்கமா? படிக்கிறவுக பாவம்" என்றார். அவர் சொன்னது சரிதான். இந்த வாரம் துணியைப் பற்றி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் பெயர் லூர்து. இராமநாதபுரம் கடைத்தெருவில் குழந்தைகள் துணிக்கடை ஒன்றில் விற்பனைக்கு நிற்கிறேன். சொந்த ஊர் பாம்பன் பக்கம். பொதுவாகக் கால் வலிக்கிறது. இதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வார்டு வாசலில்

என் அக்கா ரீத்தாவின் மகள் ஜெனிக்குப் பெரியாஸ்பத்திரியில் ஆண் பிள்ளை பிறந்த நாள் அது. பிள்ளை குறைமாதத்தில் பிறக்கவில்லை, ஆனால் எடை குறைவு. கண்ணாடிப் பெட்டி வேண்டாம், தாய் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரம். வராந்தாவில் சாம்பார் வாடையும் பினாயில் வாடையும் கலந்து வந்தது. நானும் அக்காவும் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஜெனியின் மாமியார் அந்தோணியம்மாள். பாம்பனில் கருவாட்டு வியாபாரம். எனக்கு மதினி முறை. எங்கே உட்கார்ந்தாலும் அந்த இடத்தைத் தன் வீடாக்கிக்கொள்கிறவர்கள்.

நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வந்தார். இரண்டு விரலால் ஒரு துணியைத் தூக்கிப் பிடித்திருந்தார். ஊதா நிறத்தில் வெள்ளைப் பூப் போட்ட சேலைத் துண்டு. அதிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடிந்தது.

"இது யாரும்மா கொண்டாந்தது?"

"நான்தான் சிஸ்டர்" என்று மதினி எழுந்தார்கள். "என் சேலை. அஞ்சு பெத்தேன், அஞ்சும் கல்லு மாதிரி இருக்கு."

"அஞ்சு பெத்ததெல்லாம் சரி. இது தண்ணிய உறிஞ்சுதா பாருங்க. புள்ள ஒன்னுக்கு இருந்தா அப்படியே வழிஞ்சு முதுகுக்குப் போகுது. காலைத் தொட்டுப் பாத்தேன், ஐஸ் மாதிரி இருக்கு. எடை கம்மியான புள்ளைக்கு உடம்புச் சூடு எறங்கக் கூடாது."

"எத்தனை வருசமாத் தொவைச்ச சேலை தெரியுமா சிஸ்டர்? நல்லாப் பழசு."

"நூறு வருசம் தொவைச்சாலும் இது பிளாஸ்டிக்குதாம்மா. பழைய காட்டன் துணி கொண்டாங்க. எங்க துண்டுல சுத்தி வச்சிருக்கேன், அதுவும் நனைஞ்சா மாத்த வேற கிடையாது. சீக்கிரம்."

ஈரத் துணியை மதினியின் கையில் கொடுத்துவிட்டு நர்ஸ் உள்ளே போய்விட்டார். மதினி அதைப் பிழிந்தார்கள். பிழிந்ததும் காய்ந்த துணி போலவே ஆகிவிட்டது. அதுதான் அந்தத் துணியின் குணம்.

என் காலடியில் கடைப்பை ஒன்று இருந்தது. அதற்குள் என்னுடைய பழைய பருத்திச் சேலை, சோப்புப் போட்டு வேகவைத்து வெயிலில் காயவைத்தது, மடித்து இருந்தது. அக்காவுக்குத் தெரியும். அவள் பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"இந்தாங்க மதினி" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

பழசு என்றால்

எங்கள் பக்கம் பிறந்த பிள்ளைக்குப் புதுத் துணி போட மாட்டார்கள். ஞானஸ்நானத்தன்றுதான் முதல் புதுத் துணி. அதுவரைக்கும் பழைய சேலை, பழைய வேட்டி. கிழித்து, நாலாக மடித்து, இடுப்பில் ஒன்று, உடம்பைச் சுற்றி ஒன்று.

அதுவும் யாருடைய பழசாக இருந்தாலும் ஆகாது. கொடுக்கிறவள் பிள்ளை பெற்று வளர்த்தவளாக இருக்க வேண்டும். பெற்றதெல்லாம் உயிரோடு இருக்க வேண்டும். புருசன் இருக்க வேண்டும். அவளே தன் கையால் கிழித்துக் கொடுக்க வேண்டும்.

அக்கா ரீத்தா தாலியறுத்தவள். அதனால் பிள்ளையின் சொந்த அம்மாச்சியாக இருந்தும் அவள் துணி கூடாது. ஆகவே மதினியின் சேலை வந்தது. முறைப்படி பார்த்தால் மதினியைப் போல் பொருத்தமான ஆள் கிடைக்கவே மாட்டார்கள்.

அந்த முறை ஏற்பட்ட காலத்தில் பழசு என்றாலே பருத்திதான். மல் வேட்டி, நூல் சேலை. துவைக்கத் துவைக்க நூல் தளர்ந்து, கன்னத்தில் வைத்தால் இருப்பதே தெரியாத மாதிரி ஆகிவிடும். எதிலிருந்து கிழிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே அப்போது இல்லை.

இப்போது எந்த வீட்டில் நூல் சேலை இருக்கிறது? துவைத்தால் உடனே காய்கிறது, இஸ்திரி வேண்டாம், மீன் வாடை ஒட்டாது என்று எல்லாரும் பூனம் என்கிற பாலியஸ்டர் சேலைக்கு மாறிப் பல காலம் ஆகிவிட்டது. பெண்களைக் குறை சொல்ல முடியாது. கருவாடு விற்கிறவளும் நண்டுக் கம்பெனியில் கால் கடுக்க நிற்கிறவளும் வீட்டுக்கு வந்து சேலைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருக்க முடியுமா?

ஆம்பளைகளின் கைலி பருத்திதான். ஆனால் கடலுக்குப் போகிற கைலியில் டீசல் வாடை ஏறிவிட்டால் எத்தனை தடவை அலசினாலும் போகாது. அதில் பச்சைப் பிள்ளையைச் சுற்ற யாருக்கும் மனசு வராது.

மதினி செய்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பழசு என்று சொன்னார்கள், பத்திரப்படுத்தி வைத்திருந்த பழசைக் கொண்டுவந்தார்கள்.

பளபளப்பு வந்த பிறகு

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது எங்களுக்குச் சீட்டித் துணியில்தான் பாவாடை. சின்னச் சின்னப் பூப் போட்டிருக்கும். முதல் துவைப்பிலேயே கொஞ்சம் சுருங்கும் என்பதால் தையற்காரர் பெரிதாகத் தைத்து, அடியில் மடிப்பு வைத்துக் கொடுப்பார். நாம் வளர வளர மடிப்பைப் பிரித்து இறக்குவார்கள். பிரித்த இடத்தில் ஒரு புதுநிறக் கோடு தெரியும். அந்தக் கோட்டை வைத்தே யார் யார் எவ்வளவு வளர்ந்தார்கள் என்று வகுப்பில் கேலி பேசுவோம்.

ஒரு கிறிஸ்துமசுக்கு எங்கள் மாமா ஒருவர் எனக்கு நைலான் கவுன் வாங்கிவந்தார். இலங்கைச் சரக்கு என்று சொன்னார். ரோஸ் நிறம். கண்ணாடி மாதிரி மறுபக்கம் தெரியும். கோயிலில் எல்லாரும் என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். கூச்சத்தில் எனக்கு வியர்த்தது. வியர்த்ததும் கவுன் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பூசையில் யாரோ பிடித்திருந்த மெழுகுவத்தியிலிருந்து ஒரு பொறி விழுந்தது. பருத்தியாக இருந்தால் கருகிச் சாம்பலாகும். அந்த நைலான் சுருண்டு, ஓட்டையைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கெட்டி விளிம்பு கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தேன்.

பிறகு பள்ளிக்கூடச் சீருடைக்கு டெரிகாட்டன் வந்தது. கிழியவே கிழியாது. அக்கா போட்டு, நான் போட்டு, பக்கத்து வீட்டுக்குப் போய், அங்கேயும் கிழியாமல் இருந்தது.

கடையில் இப்போது எல்லாம் கலவைதான். கீழக்கரையிலிருந்து வருகிற வீடுகளில் அத்தா துபாயிலோ கத்தாரிலோ இருப்பார். பிள்ளைக்கு வெல்வெட் கவுன் வேண்டும் என்பார்கள், வீடியோவில் பார்க்கும்போது மின்ன வேண்டும். எங்கள் ஆட்களுக்கு ஞானஸ்நானத்துக்குச் சாட்டின் அங்கி, மேலே வலைத் துணி. விரிந்து நிற்பதற்காக உள்ளே கேன்கேன் என்று ஒன்று வைக்கிறார்கள். மொறமொறவென்று இருக்கும். பிள்ளை அழும். "புதுச் சட்டைன்னு கூச்சப்படுது" என்பார் தாய். குத்துகிறது என்று பிள்ளையால் சொல்ல முடியாது. எனக்குச் சொல்ல வாய் உண்டு. விற்பனைக்கு நிற்கிறவள் சொல்லக் கூடாது.

நாள் முழுக்க இந்தத் துணிகளுக்கு நடுவில் நின்றே எனக்குத் தோல் அரிப்பு வந்துவிட்டது. அதனால்தான் நான் நூல் சேலை கட்டுகிறேன். "டீச்சரம்மா கிளம்பியாச்சா" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். வேறு பெருமை ஒன்றும் அதில் இல்லை.

கடலில் விட்டது

எனக்கும் ஒரு பிள்ளை பிறந்தான். குப்புற விழப் பழகிய பருவத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டான். அதற்கு மேல் எனக்குப் பிள்ளை இல்லை.

அவன் துணிகளைக் கடலில் விட்டார்கள். என்னை வர வேண்டாம் என்றார்கள். நான் தூரத்தில் நின்று பார்த்தேன். என் அய்யாவுடைய வேட்டியைக் கிழித்து அவனுக்குச் சுற்றிய துணிகளெல்லாம் நனைந்து கனத்து உடனே உள்ளே போய்விட்டன. யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த நைலான் சட்டை ஒன்று மட்டும் போகவில்லை. அதன் கைகளுக்குள் காற்று நிறைந்து மேலேயே கிடந்தது. அலை அதைக் கரைக்குக் கொண்டுவருவதும் திருப்பிக் கொண்டுபோவதுமாக இருந்தது.

அதைப் பற்றி இதற்கு மேல் எழுதுவதற்கில்லை.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளைக்கும் முதல் துணி நான் கொடுத்ததில்லை. யாரும் என்னைத் தள்ளி வைக்கவில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறார்கள், பிள்ளையைக் கையில் கொடுக்கிறார்கள், மடியில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். முதல் துணி மட்டும் கேட்க மாட்டார்கள். நானும் கொடுக்கிறேன் என்று சொன்னதில்லை.

ஜெனி என் கையில் வளர்ந்தவள். அக்கா நண்டுக் கம்பெனி வேலைக்குப் போகும்போது அவளை என்னிடம்தான் விட்டுப் போவாள். அவள் வயிற்றில் பிள்ளை தங்கியதும் என் சேலைகளில் ரொம்பவும் மெலிந்திருந்த ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தேன். கேட்க மாட்டார்கள் என்று தெரியும். இருந்தாலும் வைத்தேன். ஆஸ்பத்திரிக்கும் எடுத்துவந்தேன். கிழிக்கவில்லை. கிழிக்கிற கை என்னுடையதாக இருக்கக் கூடாது அல்லவா?

புலிக் கம்பளி

மதினி சும்மா உட்காரவில்லை. வார்டுக்குள் போய்க் கட்டில் கட்டிலாகக் கேட்டார்கள். நானும் அக்காவும் பின்னால் போனோம்.

"ஏத்தா, பழைய நூல் சேலை வச்சிருக்கியா? ஒரு முழம் போதும்."

"எங்கக்கா இருக்கு? எம்புள்ளைக்கே எங்க மாமாவோட வேட்டிதான். அதுவும் பாதி பாலியஸ்டராம், சிஸ்டரு ஏசிட்டுப் போறாக."

அடுத்த கட்டிலில் கீழக்கரைப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுடைய உம்மா தயங்காமல் ஒரு கம்பளியை எடுத்து நீட்டினார். பஞ்சுப் பஞ்சாக முடி வைத்தது. நடுவில் வாயைத் திறந்துகொண்டு ஒரு புலி.

"இதை வச்சுக்கங்கம்மா. மருமகன் துபாய்லருந்து அனுப்புனது. அல்லாட காவல், நல்லாச் சூடா இருக்கும்."

மதினி அதைத் தடவிப் பார்த்தார்கள். "சூடு சரித்தா. கண்ணு முழிச்சதும் புலியப் பாத்தா எம்பேரன் மறுபடி உள்ள போயிருவான்."

கட்டிலில் கிடந்தவர்களெல்லாம் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நர்ஸ் வார்டுக் கோடியிலிருந்தே, "அதை மேல போத்தலாம், ஒடம்புல படக் கூடாது. காட்டன், காட்டன்" என்றார்.

ஜெனி கடைசிக் கட்டிலில் கிடந்தாள். பிள்ளையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். ஆஸ்பத்திரித் துண்டின் ஒரு ஓரம் ஏற்கனவே நனைந்திருந்தது. பிள்ளையின் உள்ளங்கால் வெளியே தெரிந்தது. சுருக்கம் சுருக்கமாக, நீலம் பாரித்த மாதிரி. நான் தொட்டுப் பார்த்தேன். நர்ஸ் சொன்னது உண்மை.

"சித்தி" என்றாள் ஜெனி. "உங்ககிட்ட இல்லையா?"

அவளுக்கு வழக்கமெல்லாம் தெரியாமலில்லை. அலுத்துப்போய்க் கேட்டாள். வலியில் கிடக்கிறவளுக்கு எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெம்பு இருக்காது.

"இருக்கு" என்றேன்.

மதினி திரும்பினார்கள். "என்னத்தா இருக்கு?"

நான் வெளியே போய்ப் பையை எடுத்துவந்தேன். சேலையை எடுத்து நீட்டினேன். மதினி வாங்கவில்லை. ஓரத்தை மட்டும் விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்கள். கருவாடு பார்க்கிற விரல்.

"யாரு சேலை?"

"என்னுது மதினி."

அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்கிறாத லூர்து" என்றார்கள் மதினி. குரல் இறங்கியிருந்தது. "ஒன்னைச் சொல்லலை. நாளைக்கு இந்தப் புள்ளைக்கு ஒரு சளி புடிச்சாலும் எனக்கு ஒன் மூஞ்சிதான் ஞாபகத்துக்கு வரும். அது ஒனக்கும் பாவம், எனக்கும் பாவம்."

"கோவமில்லை மதினி. அது எனக்கும் தெரியும்."

அது பொய்யில்லை. அந்தச் சேலையை எடுத்து வைத்த நாளிலிருந்து அதே பயம்தான் எனக்கும் இருந்தது. பிள்ளைக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது? யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்வேனே.

"கடையில புதுசு வாங்கியாரவா?" என்று அக்கா கேட்டாள்.

"துவைக்காத புதுசு வேண்டாம்" என்றார் நர்ஸ், பிள்ளையின் நெற்றியில் கை வைத்தபடி. "கையில வச்சிருக்கிறதக் குடுக்காம என்னம்மா யோசனை? இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே கெடந்தா மேல கண்ணாடிப் பெட்டியில கொண்டுபோயி வைக்க வேண்டியதுதான். தாய விட்டுப் பிரிக்கணும். சரியா?"

ஒரு நடை

மதினி பட்டென்று சேலையை என் கையிலிருந்து வாங்கினார்கள். உதறினார்கள். தன் பூனம் சேலைக்கு மேலேயே இடுப்பில் ஒரு சொருகு சொருகி, சுற்றி, கொசுவம் வைக்காமல், தலைப்பைத் தோளில் போட்டார்கள். தரையில் படாமல் கீழ்ப்பக்கத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள். கடைசிக் கட்டிலிலிருந்து கதவு வரைக்கும். கதவிலிருந்து திரும்பிக் கடைசிக் கட்டில் வரைக்கும்.

"என்னம்மா இது, ஃபேன்சி டிரெஸ்ஸா?" என்றார் நர்ஸ்.

"கொஞ்சம் பொறு சிஸ்டர். இந்தா முடிஞ்சிருச்சு."

கீழக்கரை உம்மா, "மாப்பிள்ளை வீட்டு ஊர்கோலம் வருது, வழிய விடுங்க" என்றார். மறுபடியும் சிரிப்பு. மதினியும் சிரித்தார்கள். ஆனால் முகம் வேர்த்திருந்தது. இரண்டு சேலையோடு அந்தப் புழுக்கத்தில் வேர்க்காமல் என்ன செய்யும்? என் சேலையின் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். நல்லா அழுத்தித் துடைத்தார்கள்.

அவிழ்த்து, கையில் எடுத்து, என்னைப் பார்க்காமல் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார்கள்.

"இப்ப இது நான் உடுத்துன சேலை. என் வேர்வை இதுல இருக்கு. அஞ்சு பெத்தவ சேலை."

யார் என்ன சொல்ல முடியும்? உடுத்தினது உண்மைதானே.

ஓரத்தில் பல்லால் ஒரு கடி கடித்து இழுத்தார்கள். பருத்தி கிழிகிற சத்தம் ஒரு மாதிரி இருக்கும். நேராக, தடையில்லாமல், கடைசிவரை ஒரே சத்தம். கிழிந்த இடத்திலிருந்து பஞ்சுத் தூசி எழுந்து சன்னல் வெளிச்சத்தில் நின்றது. துடைத்த தலைப்பை ஒதுக்கிவிட்டு நல்ல பக்கமாகப் பார்த்துத்தான் கிழித்தார்கள். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று.

நர்ஸ் ஈரத் துண்டை எடுத்துவிட்டு அந்தத் துணியில் பிள்ளையைச் சுற்றினார். அதன் மேல் புலிக் கம்பளியைப் போர்த்தினார். பிள்ளை வாயைக் கோணி அழப் பார்த்தது. பிறகு அழவில்லை.

என் சேலைதான் அது. அதன் கரையில் பழுப்பாக ஒரு கறை இருக்கும், கடையில் ஒரு தடவை தேநீர் சிந்தியது. பிள்ளையின் கழுத்துக்குக் கீழே அந்தக் கறை தெரிந்தது. என் சேலை இல்லை என்றும் ஆகிவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் என் பேர் அடிபடாது. அந்த நிம்மதிக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அதற்குப் பேர் வைக்க எனக்குப் படிப்பு போதாது.

மதினி வராந்தாவுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். முந்தானையால் விசிறிக்கொண்டார்கள். "லேசாத்தான் இருக்கு ஒன் சேலை. ஒடம்புல இருக்கிறதே தெரியல" என்றார்கள்.

"ஆமா மதினி" என்றேன்.

சாயங்காலம் நர்ஸ் வந்து, கால் சூடாகிவிட்டது, மேலே கொண்டுபோக வேண்டாம் என்று சொன்னார்.

மறுநாள் பாம்பனிலிருந்து உறவுக்காரர்கள் பிள்ளை பார்க்க வந்தார்கள். துணி யாருடையது என்று கேட்டவர்களுக்கு, "என்னுதுதான், வேற யாருது?" என்று மதினி சொன்னார்கள். அக்கா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். நான் பிள்ளையின் ஈரத் துணிகளை அலசிக் காயப்போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன்.